பங்குனியில் பைகளைக் கவிழ்க்காதீர்கள்

அன்புள்ள மாடித்தோட்ட நண்பர்களுக்கு,

மதுரையிலும் திருச்சியிலும் கரூரிலும் வேலூரிலும், கடற்காற்று எட்டாத மற்ற ஊர்களிலும் மொட்டைமாடியில் காய்கறி வளர்க்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். புரட்டாசியில் விதை போட்டீர்கள். ஐப்பசி மழையில் நாற்று அழுகிவிடாமல் காப்பாற்றினீர்கள். தை பிறந்ததும் அவரையும் தக்காளியும் முள்ளங்கியும் பறித்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தீர்கள். மாசிக் கடைசியில் செடிகள் வதங்கத் தொடங்கின. பங்குனி வந்ததும் ஒவ்வொரு மாடியாகப் பைகள் கவிழ்கின்றன. மண்ணைக் கொட்டி மூலையில் குவித்துவிட்டு, பைகளை மடித்து அடுக்கிவிட்டு, ‘இனி ஆடிப்பட்டத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மாடிக் கதவைச் சாத்திவிடுகிறீர்கள்.

இந்த ஆண்டு அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். தோட்டத்தைச் சுருக்குங்கள். பாதியாக்குங்கள், முடியாவிட்டால் கால்வாசியாக்குங்கள். அடியோடு மூட மட்டும் வேண்டாம். கோடைக்கென்று காய்கள் இருக்கின்றன, கீரைகள் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, நீங்கள் காசும் உழைப்பும் போட்டு உருவாக்கிய மண் இருக்கிறது. மூன்று மாத வெயிலில் அது வெறும் தூசியாகப் போவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

கோடையில் மாடித்தோட்டம் கைவிட்டுப் போவதற்குத் தண்ணீர்ப் பஞ்சம்தான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, தை மாதத்துச் செடிகளைச் சித்திரை வரை இழுத்துக்கொண்டு போக முயல்வதுதான் பெரிய காரணம். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம். பகல் வெப்பம் 35 டிகிரியையும் இரவு வெப்பம் 24 டிகிரியையும் தாண்டினால் அதன் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ பூக்கும், காம்பு மஞ்சளாகும், உதிர்ந்துவிடும். மதுரையில் சித்திரை மாத இரவிலேயே 26 டிகிரி வாக்கில் இருக்கிறது. அந்தச் செடிக்கு நாளெல்லாம் தண்ணீர் ஊற்றினாலும் காய் பிடிக்காது. ஊற்றிய நீரும் வீண், பூ உதிர்வதைப் பார்த்து நீங்கள் வாங்கித் தெளிக்கும் வளர்ச்சி ஊக்கிக்குக் கொடுத்த பணமும் வீண். குடைமிளகாயும் இப்படித்தான். காலிஃபிளவர், கேரட், பீன்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விளைகிறவை அவை. பழைய நாட்டு அவரையின் கதை வேறு. பகல் பொழுது குறுகினால்தான் அதற்குப் பூக்கத் தோன்றும். சித்திரையில் போட்டால் பந்தல் நிறைய இலையாகக் கிடக்கும், கார்த்திகை மார்கழி வரை ஒரு பூவும் வராது. செடியிலும் குறையில்லை, உங்கள் கையிலும் குறையில்லை. பட்டம்தான் தவறு.

இன்னொரு பக்கம் பாருங்கள். தட்டைப்பயறு ஆப்பிரிக்க மண்ணில் பிறந்தது, வெண்டையும் அப்படித்தான் என்று சொல்வார்கள். கொத்தவரையை நாட்டிலேயே அதிகமாக விளைவிப்பது ராஜஸ்தான். ஆழமாக வேர் விட்டு, மற்றவை வாடும் இடத்தில் நிமிர்ந்து நிற்கும் செடி அது. நம் ஊர்க் கண்மாய்களில் நீர் வற்றியதும் உள்வாயில் வெள்ளரி போடுவார்கள். ஆற்று மணலில் குழி தோண்டித் தர்ப்பூசணியும் முலாமும் போடுவார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் வெள்ளரிப்பிஞ்சு, வெயிலிலேயே விளைந்து வெயிலுக்கே விற்கப்படுகிற காய். பீர்க்கு, புடலை, பாகல், சுரை, பூசணி எல்லாம் வெப்பத்தைக் கண்டு ஓடாத குடும்பம். முருங்கைக்குக் காய்ப்புக் காலமே பங்குனி சித்திரைதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 ரகத்தை ஒரு பழைய டிரம்மில் வைத்துவிட்டு, அவ்வப்போது நுனி வெட்டிக் குட்டையாக வைத்துக்கொள்ளலாம். காய் குறைந்தாலும் கீரைக்குக் குறைவிருக்காது. கோவைக்காய்க்கு விதையே வேண்டாம், யார் வீட்டுக் கொடியிலிருந்தாவது ஒரு துண்டு போதும். சுண்டைக்காய் செடி நட்ட பிறகு அதை மறந்துவிட்டால்கூட இருக்கும்.

கீரைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை மூன்றும் ஒரே இனம். பெரும்பாலான செடிகள் கடும் வெயிலில் நீரைக் காப்பாற்ற இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, உணவு தயாரிப்பு நின்றுவிடும். இந்தக் கீரை இனம் அந்த வாயுவை முதலில் நாலு கரி அணுக்கள் கொண்ட சேர்மமாகப் பிடித்துவைத்துக்கொண்டு பிறகு பயன்படுத்துகிறது. கரும்பும் சோளமும் செய்வது இதுதான். அதனால் குறைந்த நீரில், அதிக வெயிலில், வேகமாக வளர முடிகிறது. பருப்புக்கீரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. சாதாரண நாளில் தண்டுக்கீரையைப் போல நடந்துகொள்ளும். மண் காய்ந்துவிட்டால் பகலில் துளைகளை அடைத்துவிட்டு, இரவில் திறந்து வாயுவை வாங்கிவைத்துக்கொள்ளும். சப்பாத்திக்கள்ளியின் வழி அது. வாசலில் களையென்று பிடுங்கி எறிகிறோமே, அந்தச் செடி! பருப்போடு கடைந்து, ஒரு கரண்டி நெய் விட்டுச் சாப்பிட்டவர்கள் அதைப் பிடுங்க மாட்டார்கள். பிரண்டையின் தண்டும் இரவில்தான் மூச்சு வாங்குகிறது. மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் நாலு கணு ஊன்றிவிட்டால், வைகாசி வரை துவையலுக்குக் குறைவில்லை.

கத்தரியையும் மிளகாயையும் பிடுங்க வேண்டாம். தை மாதம் காய்த்து ஓய்ந்த செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்து, ஒரு கை மண்புழு உரம் போட்டு, அடியை மூடி, நிழல் பக்கம் நகர்த்திவிடுங்கள். வெயில் முழுக்க அது ஒன்றும் தராமல் உட்கார்ந்திருக்கும். வேர் மட்டும் உயிரோடிருந்தால் போதும். முதல் மழைக்குத் துளிர்த்து, நீங்கள் ஆடியில் போடும் புதுநாற்றுக்கு முன்பே காய்க்கும்.

இனி மண். இந்த மடலை எழுதத் தூண்டியதே இதுதான்.

கறுப்புப் பையும் கறுப்புத் தொட்டியும் மேற்கு வெயிலில் நின்றால், வெயில் படும் ஓரத்தில் மண்ணின் சூடு 45 டிகிரிக்கு மேல் போகும். 40 டிகிரியைத் தாண்டினாலே பெரும்பாலான காய்கறிச் செடிகளின் வேர் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பையில் இருக்கும் செடியின் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். மதியம் செடி தொங்கிப்போனதைப் பார்த்து நீங்கள் மாலையில் ஒரு வாளி ஊற்றுகிறீர்கள். வெந்துபோன வேர் அந்த நீரை உறிஞ்சாது. அதன் மேல் ஈரமும் நின்றால் அழுகும். அடியில் சிமெண்ட் தளம், பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு பத்து மணி வரை திருப்பித் தந்துகொண்டிருக்கும். ஆகவே பைகளைத் தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். தனித்தனியாகப் பரப்பி வைக்காமல் ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழும்படி கூட்டமாக வையுங்கள். வெளிவரிசைப் பைகளைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டுங்கள். மண்தொட்டியாகவோ பழைய டிரம்மாகவோ இருந்தால் வெளிப்புறம் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். காலை வெயில் பட்டு, மதியம் இரண்டு மணிக்கு மேல் நிழல் விழும் கிழக்குப் பக்கம்தான் கோடையில் மாடியின் நல்ல இடம். தை மாதத்தில் அதே இடம் உங்களுக்கு வெயில் பற்றாத மூலையாகத் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் ஒரு பங்கு என்றால், மூடாக்கு மூன்று பங்கு. மண்ணின் மேல் நான்கு விரல் கனத்துக்குச் சருகோ வைக்கோலோ கரும்புத் தோகையோ கிடந்தால், நேரே வெயில் படாததால் மண் சூடேறுவது குறைகிறது, நீர் ஆவியாகிப் போவதும் குறைகிறது. உள்ளே மண்புழுவும் நுண்ணுயிரும் பிழைத்துக்கிடக்கும். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைத்தான் சொன்னார். வறண்ட கடவூர்ப் பகுதியில் அவர் உருவாக்கிய வானகம் பண்ணைக்குப் போனவர்கள், அந்தப் பொட்டல் நிலம் மரமும் நிழலுமாக மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். 2013 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் படத்தை மாட்டியிருக்கும் தோட்டங்களில்கூட வெறும் மண் வெயிலில் கிடப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

மூடாக்குக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மாசி பங்குனியில் உங்கள் தெருவைப் பாருங்கள். வேம்பு இலை உதிர்க்கிறது, புங்கை இலை உதிர்க்கிறது. நமக்கு மூடாக்கு தேவைப்படும் அதே வாரங்களில், காசில்லாமல், வாசல்வரை வந்து கொட்டுகிறது. நாம் என்ன செய்கிறோம்? கூட்டிக் குவித்துத் தெருமுனையில் கொளுத்துகிறோம். காலையில் புகை, மாலையில் புகை. தூய்மைப் பணியாளர்களிடம் சொல்லிவைத்தால் ஒரு சாக்குச் சருகைத் தனியாக எடுத்து வைத்துத் தருவார்கள். அவர்களுக்கும் சுமை குறையும். நீங்கள் ஒரு பத்துப் பேர் சேர்ந்து உங்கள் தெருவின் சருகு எரியாமல் பார்த்துக்கொண்டால், அதுவே இந்த மடலுக்குப் பெரிய பதில். வேப்பஞ்சருகை நேரடியாகத் தண்டை ஒட்டிப் போடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். தேங்காய் மட்டையின் நாரை உரித்துச் சருகின் மேல் பரப்பினால் மாடிக் காற்றில் பறக்காது. கடையில் வாங்கும் தென்னை நார்க்கழிவுக் கட்டியைப் பயன்படுத்துவதானால், இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து உப்பை எடுத்த பிறகு போடுங்கள்.

இங்கே சிலர் குறளைக் காட்டி மறுப்பார்கள். ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்ட நிலத்துக்குப் பிடி எருவும் வேண்டாம் என்று வள்ளுவரே உழவு அதிகாரத்தில் சொல்கிறார். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று கிராமத்தில் சொலவடையும் உண்டு. கோடை உழவில் களையின் கிழங்கும் பூச்சியின் கூட்டுப்புழுவும் மேலே வந்து வெயிலில் சாகின்றன, கோடைமழை நீர் உள்ளே இறங்குகிறது. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் வயலுக்கு ஆழம் இருக்கிறது. மேல் அரை அடி காய்ந்தாலும் அதற்குக் கீழே ஈரம் இருக்கும், புழுவும் நுண்ணுயிரும் கீழே இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். உங்கள் பையில் மொத்தமே ஓரடி மண். கீழே இறங்க இடமில்லை, அதற்குக் கீழே சிமெண்ட் தளம். நோய் வந்து செடி செத்த பையின் மண்ணை மட்டும் பிரித்துத் தரையில் மெல்லியதாகப் பரப்பி, நனைத்து, கண்ணாடித்தாள் போர்த்தி, நான்கைந்து வாரம் வெயிலில் விடுங்கள். நூற்புழு வந்த மண்ணுக்கும் அது நல்ல மருந்து. நல்ல மண்ணுக்கு அந்தத் தண்டனை தேவையில்லை.

பயிர் போடப்போவதில்லை என்று நீங்கள் முடிவு செய்த பைகளுக்கும் மூடாக்குதான் வழி. கவிழ்க்காமல் அப்படியே நிழலில் நெருக்கி வையுங்கள். ஒரு பிடி தட்டைப்பயறைத் தூவிவிடுங்கள். மேலே சருகு. நாலைந்து நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் நீர். பூக்கும் நேரத்தில் வேரோடு பிடுங்காமல் தண்டை வெட்டி அங்கேயே போட்டுவிடுங்கள். வேர் முடிச்சில் சேர்ந்த தழைச்சத்து ஆடிக்கு அங்கேயே கிடைக்கும்.

தண்ணீர் பற்றி மறைக்காமல் பேச வேண்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனதை நாம் எல்லோரும் பார்த்தோம். தெருவில் குடங்கள் வரிசையில் நிற்கும்போது மாடியில் குழாயைத் திறந்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அதனால்தான் முதலிலேயே சுருக்குங்கள் என்றேன். ஓரடி அகலப் பையில் நல்ல மூடாக்கோடு இருக்கும் செடிக்கு, உச்சக் கோடையிலும் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் போதும். பத்துப் பைக்கு ஒரு வாளி, மிஞ்சினால் ஒன்றரை வாளி. அரிசியும் பருப்பும் காயும் கழுவிய நீரிலேயே பெரும்பகுதி வந்துவிடும். ஏ.சி. ஓடும் வீடுகளில் அந்தக் குழாயின் அடியில் ஒரு வாளி வையுங்கள். அது உப்பே இல்லாத நீர். எந்த அளவுக்கு நீர் இப்படிச் சேர்கிறதோ அந்த அளவுக்கே பைகளை வைத்துக்கொள்வது என்று ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டால் மனசும் உறுத்தாது.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரைச் செடிக்கு விடுகிறவர்கள் நிறையப் பேர். போர் தண்ணீரில் ஏற்கெனவே இருந்த உப்பு அதில் இன்னும் செறிவாகி வருகிறது. கோடையில் நீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். பையின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பதும், இலை ஓரம் கருகியிருப்பதும் அதனால்தான். அந்த நீரை மாடி கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் தேய்த்த நீர், தரையில் வாழை இருந்தால் வாழைக்கு. துணி துவைத்த சோப்புத்தூள் நீர் கீரைப்பக்கம் வரவே கூடாது.

நீர் விடும் நேரம் விடியற்காலை. வெயில் ஏறுமுன் மண் குளிர்ந்திருக்கும், வேர் வாங்கிக்கொள்ளும். தினம் இரண்டு வேளை மேலாகத் தெளிப்பதைவிட, ஒரே வேளை அடி வரை நனையும்படி மெதுவாக விடுவது மேல். மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே வரும், மேலே வந்த வேர் வெயிலில் கருகும். மாடித் தொட்டியிலும் ரப்பர் குழாயிலும் மதியம் முழுக்கக் கிடந்த நீர் கையில் பட்டாலே சுடும். அதை அப்படியே செடிக்குப் பிடிக்காமல் வாளியில் பிடித்து ஆறவிடுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குப் பூசணியும் பீர்க்கும் இலையைத் தொங்கப்போடும். பதறாதீர்கள். நீர் இழப்பைக் குறைக்க அந்தச் செடி செய்யும் வேலை அது. மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் நீர் வேண்டாம். விடியற்காலையிலும் தொங்கியிருந்தால்தான் அது தாகம். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டுப் பூவாளியை எடுங்கள்.

பெரிய தொட்டியோ தரைப்பாத்தியோ வைத்திருப்பவர்கள் பானைப் பாசனத்தைச் செய்து பார்க்க வேண்டும். மானாமதுரைப் பக்கம் வனையும் சாதாரண மண்கலயம், வர்ணம் பூசாதது, போதும். கழுத்து வரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, மூடிவிட்டால், சுற்றியுள்ள மண் காயக் காயக் கலயத்தின் நுண்துளை வழியே நீர் கசியும். மண் ஈரமாக இருக்கும்போது கசிவது தானே குறையும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் சீனாவில் ஃபான் ஷெங்ஷி எழுதிய வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது. கலயத்தைச் சுற்றி வெள்ளரியோ பாகலோ நாலு விதை. ஊருக்குப் போக வேண்டியிருந்தாலும் இரண்டு மூன்று நாள் கவலையில்லை. உப்புத் தண்ணீரானால் துளை அடைத்துக்கொள்ளும், வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

நிழல்வலையை எல்லாவற்றுக்கும் மேலே கட்டிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாற்றுக்கும் கீரைக்கும் பாதி நிழல் தரும் வலை நல்லது. வெண்டைக்கும் கொத்தவரைக்கும் கொடிகளுக்கும் வெயில் வேண்டும், வலைக்கடியில் அவை நெடுநெடுவென்று வளர்ந்து பூக்காமல் நிற்கும். வலைக்குச் செலவழிக்காமல் இருக்க இன்னொரு வழி: மாசியிலேயே பந்தல் போட்டுப் பீர்க்கையும் புடலையையும் ஏற்றிவிட்டால், சித்திரைக்குள் பந்தலே நிழலாகிவிடும். அதன் அடியில் கீரைப்பைகளை வையுங்கள். பந்தல் மூடும் வரை ஒரு பழைய பருத்திப் புடவை போதும்.

கொடிகளைப் பற்றி எனக்கு அதிகம் வரும் புலம்பல், ‘பூவாகப் பூக்கிறது, பிஞ்சே இல்லை’ என்பதுதான். பகல் நீண்டு வெப்பமும் கூடினால் இந்தக் குடும்பத்துக் கொடிகள் ஆண்பூக்களை அதிகமாகப் பூக்கும். முதலில் வருவதும் ஆண்பூக்கள்தான். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும், பெண்பூ அவற்றில்தான் கூடுதலாக வரும். பெண்பூ வந்தும் பிஞ்சு கருகினால் தேனீ வரவில்லை என்று பொருள். மூன்றாவது நான்காவது மாடிகளுக்கு அவை வருவது குறைவு. நீங்களே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தொட்டுவிட வேண்டும். எப்போது என்பதில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். பூசணியும் பாகலும் விடியற்காலையில் மலரும், எட்டு மணிக்கு மேல் போனால் பயனில்லை. பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்கிறவை. புடலை இருட்டிய பிறகு, வெள்ளை நூலாகப் பிரிந்து மலரும். அலுவலகம் போய்த் திரும்புகிறவர்களுக்கு இந்த மூன்றும் தோதானவை. விளக்கு வைத்த பிறகு குழந்தைகளை மாடிக்குக் கூட்டிப்போய் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், மறுநாள் பள்ளிக்கூடம் பூராவும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பூச்சிகளில் கோடைக்கு இரண்டைக் கவனித்தால் போதும். வறண்ட வெப்பத்தில் இலையின் அடியில் செஞ்சிலந்திப் பேன் பெருகும், இலை மேலே பொடிப்பொடியாக வெளுக்கும். அதற்கு ஈரம் ஆகாது. விடியற்காலையில் இலையின் அடிப்புறம் வெறும் நீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். வெள்ளை ஈ வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல் நோயைக் கொண்டுவரும். அந்தச் செடிக்கு மருந்தில்லை. நரம்பு மஞ்சளான செடியை அன்றே பிடுங்கிவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம். மற்றவற்றுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும், லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த கரைசலும். வேப்பம்பழம் ஆனியில்தான் உதிரத் தொடங்கும், அப்போது பொறுக்கி அடுத்த கோடைக்கு எடுத்துவைக்க வேண்டும். எந்தக் கரைசலைத் தெளிப்பதும் மாலையில் மட்டும். மீன் அமிலம், பஞ்சகவ்யா ஆகியவற்றைக் கத்திரி வெயில் நாட்களில், அதாவது மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை, வழக்கத்தில் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

விதைக்கும் இதுதான் நல்ல காலம். முதலில் காய்த்த நல்ல வெண்டை ஒன்றையும், பீர்க்கு ஒன்றையும் பறிக்காமல் அப்படியே முற்றவிடுங்கள். ஐப்பசியில் விதையை உலர்த்தப் படாத பாடு படுகிறோம். வைகாசியின் வறண்ட காற்றில் நிழலிலேயே இரண்டு மூன்று நாளில் கலகலவென்று உலர்ந்துவிடும். சாம்பலில் புரட்டி, மண்குடுவையில் போட்டு வைத்தால் ஆடிப்பட்டத்துக்கு யாரிடமும் விதை வாங்க வேண்டியதில்லை. கொத்தவரை அதிகமாகக் காய்த்தால் உப்பும் மோரும் கலந்து வேகவைத்து வற்றல் போடுங்கள். சுண்டைக்கும் அதே பக்குவம். மாடி வெயிலைக் குறை சொல்லும் நாம், நம் பாட்டிமார் அதே வெயிலில் ஒரு வருஷத்துக் குழம்புக்கு வழி செய்ததை மறந்துவிட்டோம்.

சித்திரையிலோ வைகாசியிலோ இடியோடு ஒரு மழை வரும். அது வரும்போது வலையையும் புடவையையும் விலக்கி, பைகளை நன்றாக நனையவிடுங்கள். போர் தண்ணீர் விட்டுச் சேர்ந்த உப்பைக் கழுவிக்கொண்டு போக அதைவிட நல்ல வழி கிடையாது. 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாயும் குழியும் பல வீடுகளில் அடைத்துக் கிடக்கின்றன. பங்குனியிலேயே திறந்து பார்த்துத் தூர் எடுத்து வையுங்கள்.

ஆனி பிறந்தால் மேற்கே கணவாய்களின் வழியாக வரும் காற்று தேனி, திண்டுக்கல், கோவை, தென்காசிப் பக்கத்து மாடிகளில் பந்தலையே பிய்த்துக்கொண்டு போகும். அந்த ஊர் நண்பர்கள் வைகாசிக் கடைசிக்குள் பந்தல் கால்களைக் கைப்பிடிச் சுவரோடு கயிறு கொண்டு இறுகக் கட்டிவிடுங்கள். காய் ஓய்ந்த கொடிகளை அறுத்து அதே பைகளில் மூடாக்காகப் போட்டுவிட்டால் காற்றுக்குப் பிடி குறையும். வெண்டையும் கொத்தவரையும் அதன் பிறகும் சில வாரம் காய்க்கும். கவாத்து செய்த கத்தரிக்கு அப்போது ஒரு கை தொழுவுரம் வையுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்களைப் போல் ஒரு மாடித்தோட்டக்காரர்